குத்தூசி பட்ட மூட்டை

மிளகு மூட்டையின் வாயைச் சணலால் தைத்ததும் என் மாமியார் தார் டப்பாவைத் திறப்பார். குச்சியைத் தோய்த்துச் சாக்கின் நடுவில் ஒரு வட்டம், அதற்குள் மூன்று கோடு. எங்கள் ஊர் வாழவந்தியில் வேறு யாருக்கும் அந்தக் குறி இல்லை. ஏற்காட்டில் மிளகு வாங்கும் கடைக்காரர் எல்லார் மூட்டையிலும் குழிவான குத்தூசியைச் செருகி, அதில் வரும் மிளகைக் கடித்துப் பார்ப்பார். எங்கள் மூட்டையில் குறியை மட்டும் பார்ப்பார். நேரே தராசில் ஏற்றச் சொல்வார்.

கல்யாணத்துக்கு முன் நான் படித்த கல்லூரிச் சரித்திரப் புத்தகத்தில் ஒரு களிமண் கட்டியின் படம் இருந்தது. சிந்துவெளி வணிகர்கள் சரக்கைக் கட்டி, முடிச்சின்மேல் ஈரமண்ணை அப்பி முத்திரை பதிப்பார்களாம். மண்ணின் பின்புறத்தில் துணியின் இழைகூடப் பதிந்திருந்தது. அனுப்பியவரின் முகம் தெரியாதவர்களும் அதை நம்பி வாங்கியிருப்பார்கள் என்று பரீட்சையில் எழுதினேன்.

இது நடந்தபோது என் மகளுக்கு எட்டு மாதம். அவளுக்குக் காய்ச்சல் கண்ட மத்தியானம், காயவைத்த மிளகைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். தூறல் விழுந்தது. ஓடிப்போய்ப் பாய்களைச் சுருட்டினேன். மறுபடி இரண்டு நாள் வெயிலில் போட்டோம். மாமியார் கடித்துப் பார்த்தார், "நல்லா காஞ்சிருக்குது கண்ணு" என்றார், குறி போட்டார்.

முழங்கால் வீக்கத்தால் அவரால் பஸ் ஏற முடியவில்லை. குழந்தையும் மூட்டையுமாக நான் போனேன். வழியெல்லாம் ஓரத்துப் பாய் ஒன்றே நினைவில் இருந்தது. அதிலிருந்த மிளகை நான் சரியாகக் கிளறிவிட்டேனா?

கடைக்காரர் மூட்டையைத் தராசுக்கு இழுத்தார்.

"ஏனுங்க, ஒருக்கா குத்திப் பாத்துருங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "மாமியாரு மூட்டையக் குத்தச் சொல்ற மருமகள இப்பத்தானுங்க பாக்கறேன்."

குத்தினார், கடித்தார். "நல்லாத்தானுங்க இருக்குது." ஆனால் இன்னொரு இடத்திலும் குத்தினார்.

வீக்கம் வடிந்தபின், அடுத்த மூட்டைக்கு மாமியாரும் வந்தார். அவர் கண்ணெதிரிலேயே குத்தூசி வட்டத்துக்குள் இறங்கியது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. போன வாட்டி உங்க மருமகளே சொன்னாங்க. எதுக்கும் பாத்துக்கறேன்."

மாமியார் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். திரும்பும் பஸ்ஸில் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "போன வாட்டி மூட்டையில மொளகு ஈரமா இருந்துச்சா?"

"இல்லீங்க அத்தை. ஈரம் போயிருக்காதோன்னு பயந்துட்டேன்."

"நாங் கடிச்சுப் பாத்தனல்ல சாமி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மையாக நடந்துகொண்டதாக அன்றுவரை நினைத்திருந்தேன். இன்றும் சில நேரம் அப்படித் தோன்றும். உடனே அந்தக் கேள்வி நினைவுக்கு வரும்.

அடுத்த வருடம் மூட்டையைத் தைத்துவிட்டு மாமியாரிடம் தார் டப்பாவை நீட்டினேன். "எதுக்கு? அவருதான் குத்திப் பாத்துக்கறாரே" என்று அதை வாங்காமலே எழுந்து போய்விட்டார்.

ஏற்காட்டில் பஸ் கூரையிலிருந்து ஏழெட்டுச் சாக்குகளை இறக்கிப் போட்டார்கள். எது எங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து, என் கையால் போட்ட தையலைத் தேடினேன்.