‘முட்’ மட்டும் கேட்டது

குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வருஷமாக மாணவர் படைக்கும் நான்தான் பொறுப்பு. ஆகஸ்ட் பதினைந்து அணிவகுப்பில் முன்னால் போவது என் பையன்கள்தான். அந்த இடத்தை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நானே பட்டா போட்டுக்கொண்டேன்.

போன வருஷம் மாணவிகளுக்கும் ஓர் அணி தொடங்கினார்கள். சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் காமர்ஸ் டீச்சர் பொறுப்பேற்றார். எங்கோ பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்து, கற்றல் சுழற்சி என்றார். செய், திரும்பிப் பார், காரணம் யோசி, மாற்றிச் செய், மறுபடி முதலிலிருந்து. தப்பாகத் திரும்பினால் நான் மைதானத்தை மூன்று சுற்று ஓடவிடுவேன். அவரோ தூங்குமூஞ்சி மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து, என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, அடுத்த தடவை என்ன பண்ணலாம் என்று கேட்பார். மரத்தடிப் பஞ்சாயத்து என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டலடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அதுதான் எனக்கு ஆத்திரம்.

மூன்றே மாதத்தில் அந்தப் பெண்களின் நடை நிமிர்ந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. டீ குடிக்கும் சாக்கில் மரத்துக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டும் பார்த்தேன். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தலைக்குமேல் இரைந்ததில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

இந்த வருஷம் ஜூலைக் கடைசியில், யார் முன்னால் போவது என்று முடிவுசெய்ய ஹெச்.எம். வந்தார். எங்கள் கட்டளைகள் இந்தியில் இருக்கும். வலப்பக்கம் திரும்ப ‘தைனே முட்’, இடப்பக்கம் திரும்ப ‘பாயே முட்’. விமான இரைச்சலையும் மீறி நான் ‘பாயே முட்’ என்று கத்தினேன். பாதிப் பேர் இடது, பாதிப் பேர் வலது. நேருக்கு நேர் நின்று நிஜமாகவே முட்டிக்கொண்டார்கள். ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்து பெண்கள். கட்டளை கொடுக்க வாயைத் திறந்த மாணவி, அண்ணாந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். இன்னொரு விமானம். அது போகும்வரை அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். பிறகு கத்தினாள். ஒரே சத்தத்தில் அத்தனை காலும் திரும்பின. நாடகம் என்று முணுமுணுத்தேன். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல்தானே.

பெண்களே முன்னால் போகட்டும் என்றார் ஹெச்.எம். அவர் போனதும் என் பையன்களுக்கு மூன்று சுற்று என்றேன். முன்வரிசைப் பையன் நகரவில்லை.

“சார், மேடம் அவங்ககிட்ட கேக்குற மாதிரி எங்களையும் ஒரு தடவ கேளுங்க சார்.”

வேண்டா வெறுப்பாகக் கேட்டேன், ஏன்டா தப்பாகத் திரும்பினீர்கள் என்று.

“பிளேன் சத்தத்துல ‘முட்’ மட்டும்தான் சார் கேட்டுது. எந்தப் பக்கம்னு தெரியல.”

“இன்னிக்கு மட்டுமா?”

“எப்பவுமே சார்.”

அன்று யாரும் ஓடவில்லை. பதினான்கு வருஷமாக என் தப்புக்குப் பையன்கள் ஓடியிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு முதலில் தோன்றியிருக்கக் கூடாதா? அந்த டீச்சர்மீது எனக்கு இன்றும் பொறாமைதான்.