காண்டாமிருகம் 1, யானை 1, ஒட்டகம் 2

சுங்கத்தில் சரக்கை விடுவிக்கிற கார்கோ கிளியரிங்கில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, நம் தொழிலில் சரக்கைக் கண்ணால் பார்த்தவன் எவன்? காகிதத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டுகிற ஜென்மங்கள் நாம்.

பதினெட்டு கிலோ

நான் பர் துபாயில் குப்பை கொட்டிய காலம். ஜெர்மனியில் ஐந்நூறு வருஷம் முன்னால் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த விலங்குப் படங்கள் கண்காட்சிக்கு வந்திறங்கின. பெட்டி வெளியே வந்தால்தான் லீவு என்றுவிட்டார் மேனேஜர். ஊரில் என் மகளுக்கு மூன்று வயசு. நான் விமானம் ஏறிய பிறகு பிறந்தவள், இன்னும் நேரில் பார்க்கவில்லை. அந்த அவசரத்தில் பட்டியலில் ‘படம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு, ‘காண்டாமிருகம் 1, யானை 1, ஒட்டகம் 2’ என்று டைப் அடித்துத் தொலைத்தேன்.

சுங்கக் கவுண்டர் அதிகாரி பட்டியலைப் படித்தார், எடையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“எல்லாம் சேர்த்தே பதினெட்டு கிலோவா? வழியில தீனியே போடலியா, பாய்?”

குளம்பு

சிரித்தாரே தவிர விடவில்லை. விலங்கு என்று எழுதியிருந்தால் விலங்கு டாக்டர் கையெழுத்து வேண்டுமாம். டாக்டர் வந்தார். வீட்டிலேயே ஒட்டகம் வளர்க்கிறவர். பெட்டியைத் திறந்து யானைப் படத்தைத் தாண்டினார், ஒட்டகத்தில் நின்றுவிட்டார். வரைந்த மகராசன் அதற்குக் குதிரைக் குளம்பு வைத்திருந்தான்.

“இந்தக் காலோட மணல்ல நாலு அடி நடக்குமா? ஒட்டகம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

முதுகில் ஒரு கொம்பு

நல்லவேளை, கண்காட்சி நடத்தும் ஜெர்மன்காரம்மா ஓடி வந்தார். காண்டாமிருகத்தைக் காட்டினார்: இரும்புக் கவசம் மாதிரி தோல், முதுகில் உபரியாக ஒரு குட்டிக் கொம்பு. வரைந்தவர் அந்த விலங்கைப் பார்த்ததே இல்லையாம்; யாரோ எழுதிய கடிதத்தையும் கிறுக்கலையும் வைத்தே வரைந்தாராம். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ‘வெறும் படம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எனக்கு உயிர் வந்தது. பெட்டியைத் தூக்கிய நாகர்கோவில் சேவியர் காதைக் கடித்தான்.

“படம் வரைஞ்ச அந்தாளும் நம்மள மாதிரி கிளியரிங் கிளார்க்குதாம்ல!”

டெலிவரி

மறுநாளே திருச்சி விமானம். வாசலில் மனைவியின் புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு ஜோடிக் கண். கையை நீட்டினேன், வரவில்லை. சுவரில் நான் அனுப்பிய ஸ்டூடியோ போட்டோ: இரவல் கோட்டு, தலை நிறைய முடி. அதைப் பார்த்தாள், என் வழுக்கையைப் பார்த்தாள், அம்மாவிடம் கேட்டாள்.

“போட்டோல இருக்கிற அப்பா எப்பம்மா வருவாரு?”

காகிதத்தில் இருப்பதை மட்டுமே நம்புகிற நம் தொழில் வியாதியை, வரி கட்டாமல் வீடு வரைக்கும் அனுப்பி வைத்தவன் நானேதான்.