அழிப்பதற்கு முன் எடுத்துவைத்தது

தெருவில் அவருக்கு ‘உஷார்’ என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுக்குமாடிகளின் உச்சியில் கிரீஸ் கையோடு நின்றுவிட்டு வீடு திரும்பினால், வாசல் கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை அவரும் மனைவியும் மகளும் வெளியே போயிருந்த நேரத்தில் எவனோ பின்ஜன்னல் வழியாகப் புகுந்து டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரமே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும் தீப்பெட்டி அளவு சென்சார். வாசலில் ஒரு கேமரா. இதையெல்லாம் கவனிக்க ஒரு சாஃப்ட்வேர். வேறு இடமில்லாததால் கம்ப்யூட்டரை இஸ்திரி மேசையின் ஓரத்தில் வைத்தார்.

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?” என்றாள் மனைவி. “திருடன் திரும்ப வந்தா இந்த டப்பாவைத்தான் எடுத்துட்டுப் போவான்.”

திருடன் வரவில்லை. மகள் பள்ளி முடித்தாள், காலேஜ் முடித்தாள், வேலை கிடைத்து வெளிநாடு போனாள். போய் நாலு வருஷம். கம்ப்யூட்டர் மட்டும் அதே மேசையில் முனகிக்கொண்டிருந்தது. போன மாதம் அதற்குக் கிறுக்குப் பிடித்தது. பட்டப்பகலில் அலாரம் அலற, பக்கத்து வீட்டுக்காரர் சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

கம்ப்யூட்டர் கடைக்காரப் பெண் வந்து பார்த்தாள்.

“மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்தணும் சார். அப்புறம் உள்ள ஒண்ணும் மிஞ்சாது. வேணுங்கறதை முன்னாடியே காப்பி எடுத்துக்கணும்.”

“செட்டிங்ஸ் போதும்மா. படமெல்லாம் முப்பது நாள்ல தானே அழிஞ்சுடும்.”

அவள் திரையைக் கூர்ந்து பார்த்தாள். “அப்படித் தெரியலையே. நானூத்திப் பன்னெண்டு வீடியோ துண்டை ‘அழிக்காதே’ன்னு பூட்டி வெச்சிருக்கீங்க. டிஸ்க் நிரம்பி வழியறதே இதாலதான்.”

“நானா? நான் எதையும் பூட்டலையே!”

கதவைப் பூட்டுவதற்கே பிறந்தவர் இப்படிச் சொன்னதும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னங்க, திட்டாதீங்க. தினம் மத்தியானம் துணி தேய்க்கறப்போ கண்ணுக்கு நேரா இதுதான் ஓடும். நல்லா இருந்ததை அழிய விட மனசு வரல.”

அவர் திரையில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார். பிறகு, “எல்லாத்தையும் எடும்மா” என்றார்.

காப்பி எடுத்ததைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். திரை கறுப்பாகவே இருந்தது. அந்தப் படங்கள் அந்த சாஃப்ட்வேரில் மட்டும்தான் ஓடுமாம். ஒவ்வொன்றாகத் திறந்து சாதாரண வீடியோவாக மாற்றிச் சேமிக்க வேண்டும். அப்படியே அழித்திருந்தால் எல்லாம் கோவிந்தா. எந்த பட்டனை அமுக்குவது என்று காட்டிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் வருவதாகச் சொல்லிப் போனாள்.

உஷார் இரண்டு நாள் லீவு போட்டார். அவர் ஒவ்வொன்றாக மாற்றி, புதிதாக வாங்கிய இரண்டு ஹார்ட் டிரைவிலும் சேமிக்க, பக்கத்தில் நாற்காலி போட்டு மனைவி விளக்கம் சொன்னாள். கேமராவில் சத்தம் பதியாது.

ஒரு துண்டில், காற்றில் புரண்ட குடையோடு அவரே மல்லுக்கட்டினார். பால்காரர் பூனையிடம் நியாயம் கேட்டார். பிறகு பள்ளிச் சீருடையில் மகள், மூடிய கதவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினாள்.

“யாரோட பேசறா?”

“கணக்குல ஃபெயில் ஆன நாள். எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை. உள்ள இருந்து பார்த்துட்டே இருந்தேன். அவ பெல் அடிக்கறதுக்குள்ள எனக்குக் கோபமெல்லாம் போயே போச்சு.”

இன்னொன்றில் அவர் நின்றிருந்தார். விரலில் பெரிய கட்டு. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, வாசலில் நின்று சிரித்துப் பழகினார்.

“இது உனக்குத் தெரியுமா?”

“தெரியாமலா அன்னிக்கு சாப்பாட்டை ஊட்டி விட்டேன்?”

மகள் கிளம்பிய நாளும் இருந்தது. டாக்ஸி போன பிறகு இருவரும் கேட்டருகே அப்படியே நின்றார்கள். அசைவு இல்லையென்று கேமராவே பதிவை நிறுத்திவிட்டது. அவர் சேமித்தார். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு டீ போடப் போனாள்.

மூன்றாம் நாள் கடைக்காரப் பெண் இரண்டு டிரைவிலும் படங்களை ஓட்டிப் பார்த்து, செட்டிங்ஸ் ஃபைலையும் தனியே எடுத்த பிறகே கம்ப்யூட்டரை அழித்தாள். சாயங்காலத்துக்குள் சென்சார்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் உயிர்பெற்றன. பின்ஜன்னல் மட்டும் சண்டித்தனம் பண்ணியது. பேட்டரி மாற்றியதும் வழிக்கு வந்தது.

அன்றைக்கே, அம்மா உள்ளிருந்து பார்த்த கதையையும் எழுதி, ஒத்திகைத் துண்டை மகளுக்கு அனுப்பினார்கள். உடனே போன் வந்தது.

“அம்மா! தெரிஞ்சுக்கிட்டேவா அன்னிக்கு அப்படி ஆச்சரியப்பட்டீங்க?”

“அவ்வளவு நேரம் பழகினியே, வீணாப் போகலாமா?”

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “எல்லாத்தையும் அனுப்புங்கப்பா” என்றாள்.

மறுநாள் அவர் ஒரு டிரைவைப் பஞ்சில் சுற்றி, பழைய ஷூ பெட்டியில் வைத்துப் பார்சல் அனுப்பினார். போய்ச் சேர பதினாறு நாளாயிற்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் அங்கே, இவர்கள் இங்கே, போனைக் காதில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் முதல் நாற்பது துண்டுகளைப் பார்த்தார்கள்.