கூட்டினால் எட்டு

ஜோகூரில் எங்கள் பண்டார் தெங்காராவில் காடி, அதாவது கார், இல்லாதவருக்குக் கால் இருந்தும் பயனில்லை. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். வேலைக்குத் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். மற்றபடி எங்கே போவதென்றாலும் யாராவது ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மணவாழ்க்கை முறிந்து நான் இங்கே வந்ததிலிருந்து அந்த 'யாராவது' என் அண்ணன்தான். நல்ல மனிதர், கூப்பிட்டால் வருவார். ஆனால் சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "எதுக்கு?"

பல்வலி என்றால் கிளம்புவார். கோயில் என்றாலும் கிளம்புவார். தோழி வீட்டுக்கு என்றால், "போன வாரந்தானே பாத்தே, இப்ப எதுக்கு?" என்பார். தொழிற்சாலையில் ஒரு வரிசை ஆட்கள் செய்து முடிக்கும் வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். நாற்பத்தேழு வயதில், வெளியே போக ஒரு காரணம் தேடிக்கொண்டு வாசலில் நிற்பேன். காரணம் கிடைக்காமல் வீட்டிலேயே கிடந்த நாட்கள் ஏராளம். நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது. லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்தேன். ஓட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும் அது என் கையில் இருக்கட்டும் என்ற வீம்புதான்.

ஒரு நாள், எனக்கொரு காடி வாங்கப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பிவிட்டார். கூலாயில் பழைய காடி விற்கும் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், போனோம். என் சக்திக்கு இரண்டுதான் தேறின. ஒன்று வெள்ளை, மீட்டரில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. மற்றது சாம்பல் நிறம். இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அண்ணன் மீட்டரை அப்புறம்தான் பார்த்தார். முதலில் நம்பர் பிளேட்டுக்கு முன்னால் போய் நின்று, உதட்டை அசைத்து எண்களைக் கூட்டினார். வெள்ளைக்கு ஆறு வந்தது, முகம் மலர்ந்தது. சாம்பலுக்குக் கூட்டியதும் பின்னால் நகர்ந்தார்.

"எட்டு வருது. சனி. வேணாம்."

தவுக்கேக்கு விளங்கவில்லை. அண்ணன் மலாயில் விளக்கியதும் அவர் திகைத்துப் போனார். சீனர்களுக்கு எட்டுதான் செல்வம் தரும் எண். "லாப்பான் பாகுஸ் லா," எட்டு நல்லதாயிற்றே என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரே காடிதான், அண்ணன் பார்த்தால் சனி, தவுக்கே பார்த்தால் லட்சுமி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் வெள்ளைக் காடிக்குள் ஏறி உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே. பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருந்தது. ஸ்டீயரிங் தோல் உரிந்திருந்தது. நாற்பதாயிரத்துக்கு இவ்வளவு தேய்மானமா? யாரோ மீட்டரைப் பின்னுக்குத் திருப்பியிருக்கிறார்கள். சாம்பல் காடியிலும் ரப்பர் தேய்ந்துதான் இருந்தது, ஆனால் அது தன் ஓட்டத்தை ஒளிக்கவில்லை. ஓட்டிப் பார்த்தேன். மேட்டில் முனகிக்கொண்டே ஏறியது. மிதித்த இடத்தில் நின்றது.

"இதான் வேணும்ணே."

"ஓடி ஓஞ்ச காடிம்மா. வழியில நின்னுபோச்சுன்னா பொம்பள தனியா என்னா செய்வே?"

"ஒங்க காடி நின்னா நீங்க என்னா செய்வீங்க? மெக்கானிக்குக்குப் போன் போடுவீங்க. நானும் போடுவேன்."

"சரி, எட்டு வருதே, அதுக்கு என்னா சொல்றே?"

அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. "என் கல்யாணத்துக்குக் காடி எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஆறு வரணும்னு ஜோகூர் முழுக்க அலஞ்சீங்க. ஆறுதான் வந்துச்சு. அதுல ஏறித்தான் அந்த வீட்டுக்குப் போனேன்."

அண்ணன் தவுக்கேயின் பக்கம் திரும்பி, சாம்பல் காடியின் விலையைக் கேட்டார். அப்படிச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

காடி வந்த அன்று கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்தது அவர்தான். சக்கரத்துக்கு ஒன்று போதும். எட்டுக்குப் பரிகாரம் என்று இரண்டிரண்டாக வைத்தார். மொத்தம் எட்டு ஆகிறதே என்று நான் சொல்லவில்லை. ஏறி நசுக்கிக்கொண்டு போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோத்தா திங்கி வழியாக மெர்சிங்குக்கு ஓட்டினேன். படகுத்துறைப் பக்கம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, தீவுக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு படகில் ஏறுவதைப் பார்த்தபடி நாசி லெமாக் சாப்பிட்டேன். அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. வாங்க வேண்டிய சாமானும் இல்லை. போன் அடித்தது.

"வீட்டுக்கு வந்தேன், காடியக் காணோம். எங்க இருக்கே?"

"மெர்சிங்ல."

"மெர்சிங்கா? எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில்களை வாசலில் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றையும் தேடவில்லை.

"சும்மா," என்றேன்.