கடலுக்கு இங்கிலீஷ் தெரியாது

என் அம்மாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனாலும் கையில் ஸ்கேல் வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. பாடம் முடிந்ததும் அம்மாவுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். அடுத்த நாள் ஒரு மார்க்காவது கூட வாங்கியாக வேண்டும் என்று அவள் மல்லுக்கட்டுவாள்.

காரணம் இருந்தது. எண்ணூருக்கு அந்தப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், லாரிகளுக்கு கேட் பாஸ் போட்டுக்கொடுக்கும் வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று போர்டு வைத்திருந்தார்கள். பன்னிரண்டாவது தேறியிருந்தால் போதும், ஆனால் இங்கிலீஷ் பேச வேண்டும். அம்மா பன்னிரண்டாவது தேறியவள். தேறிய கையோடு கல்யாணமாகி, காசிமேட்டில் இறால் உரிக்கப் போய், விரல் நுனியெல்லாம் வெந்தது மாதிரி ஆகியிருந்தது. இந்த யார்டு வேலையை விடப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் முடிவு கட்டினால் கட்டியதுதான்.

இன்டர்வியூவில் நாளைக்கு என்ன செய்வாய், அடுத்த வருஷம் என்ன செய்வாய் என்றுதான் கேட்பார்களாம். அதனால் எதிர்காலத்தைப் பிடித்துக்கொண்டோம். இங்கிலீஷில் அதற்கு நாலு வழி என்று எங்கள் மிஸ் சொல்லியிருந்தார். அந்த நிமிஷம் தோன்றியதற்கு 'வில்'. முன்பே மனதில் நினைத்து வைத்ததற்கு 'கோயிங் டு'. நாள் குறித்து ஏற்பாடு செய்துவிட்டதற்கு 'ஐ ஆம் ஜாயினிங் ஆன் மண்டே'. ரயில், பஸ் மாதிரி அட்டவணைப்படி நடப்பதற்கு 'தி டிரெயின் லீவ்ஸ் அட் எய்ட்'. நாலாவதை மட்டும் அம்மா ஏற்றுக்கொள்ளவே இல்லை.

"கும்மிடிப்பூண்டி வண்டி என்னிக்குடி எட்டு மணிக்குக் கெளம்புச்சி? அதுக்கும் 'வில்'லே போடு" என்றாள்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். போனால் பல நாள் கடலிலேயே தங்கல். எங்கள் வீட்டில் அதற்கொரு சட்டம் உண்டு. படகு துறைமுகத்தைத் தாண்டிவிட்டால், அது என்றைக்குத் திரும்பும் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. யாராவது கேட்டால் "கடலுக்குப் போயிக்கீறாரு" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாளைச் சொன்னால் கடல் கேட்டுக்கொண்டு, அந்த நாளில் ஆளை அனுப்பாதாம். சட்டத்தைக் காவல் காப்பது பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அதாவது நைனாவின் அக்கா. அத்தையின் குரல் காற்று எதிர்த்து அடித்தாலும் கடற்கரை வரை கேட்கும்.

இது தெரிந்தும், வாத்தியார் மிதப்பில் நான் ஒரு உதாரணம் சொல்லிவிட்டேன். 'மை ஃபாதர் வில் கம் ஆன் ஃப்ரைடே.' அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் ஃபாதரும் ஃப்ரைடேயும் யாருக்குத் தெரியாது? கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"உன் வாயில வசம்ப வச்சித் தேய்க்க! கடலுக்குப் போன ஆளுக்கு நாள் குறிக்கிறியாடி? இன்னாமே, உம் பொண்ணு பேசறத கேட்டுகினு குந்திகினு கீறே?"

அன்றிலிருந்து நைனாவுக்கு எங்கள் வாக்கியங்களில் இடமில்லை. தண்ணீர் லாரியை வைத்து ஓட்டினோம். தண்ணீர் லாரி வரும், வரப்போகிறது, நாளைக்கு வருகிறது. அது மட்டும் வரவேயில்லை, அது வேறு கதை.

அப்புறம் நைனாவின் படகு தாமதமானது. கூடப் போன படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. எஞ்சின் பழுது என்று வயர்லெஸ்ஸில் ஒரு குரல் கேட்டதாம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லையாம். தெருப் பெண்கள் கடற்கரைப் பாறைகளில் போய் உட்கார்ந்தார்கள். அம்மாவும் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் அம்மா எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவினாள். என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாடத்த நடத்து" என்றாள்.

நான் தண்ணீர் லாரியை ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். 'மை ஹஸ்பெண்ட் வில் கம்' என்றாள். 'மை ஹஸ்பெண்ட் இஸ் கோயிங் டு கம்' என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை வீட்டுச் சுவரைப் பார்த்தபடி, சொல்லக் கூடாதே என்று கிசுகிசுத்தேன்.

"தமிழ்லதான் சொல்லக் கூடாது. கடலுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீ கேளு. ஹீ இஸ் கம்மிங் ஆன் மண்டே."

என் வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. அந்த மூன்றாவது வாக்கியம் தப்பு, நாள் குறித்து ஏற்பாடு செய்திருந்தால்தான் அப்படிச் சொல்லலாம், இதை யார் ஏற்பாடு செய்தார்கள் என்று கேட்டேன்.

"நா பண்ணிட்டேன்" என்றாள் அம்மா.

வாசலில் அத்தை நின்றிருந்தாள். போச்சு, வசம்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தையின் கண்கள் வீங்கியிருந்தன. உங்கம்மா இன்னா சொல்லிகினு கீறா என்று என்னிடம் கேட்டாள். பயந்துகொண்டே சொன்னேன். உள்ளே வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"எனக்கும் சொல்லிக் குடு" என்றாள்.

அன்று எனக்கு இரண்டு மாணவிகள். ஈஸ் கம்மிங், ஈஸ் கம்மிங் என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள்தான் இன்டர்வியூ. அத்தை அங்கேயே சுவரில் சாய்ந்திருக்க, அம்மா அந்தப் பாடத்தையும் விடவில்லை. பத்து வருஷம் கழித்து எப்படி இருப்பாய் என்று நான் ஆபீசர் குரலில் கேட்டேன். 'மை டாட்டர் வில் ஸ்டடி இன் காலேஜ். ஐ வில் பே தி ஃபீஸ். ஐ ஆம் கோயிங் டு ரன் மை ஹவுஸ்' என்று மளமளவென்று சொன்னாள். 'ஐ' இல்லை, நீயும் நைனாவும் சேர்ந்துதானே, 'வி' என்று சொல் என்றேன். அவள் மறுபடியும் 'ஐ' என்றாள். நான் ஸ்கேலால் தரையைத் தட்டினேன்.

"'ஐ'தான். அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

காலையில் அவள் மடிப்பு வைத்த புடவையோடு தெருவில் இறங்கியபோது எல்லாரும் பார்த்தார்கள். புருஷன் படகைக் காணவில்லை, இவள் எங்கே கிளம்பிவிட்டாள் என்று ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். அத்தைதான் பதில் சொன்னாள்.

"வேலைக்குப் போறா. உனுக்கு இன்னா அதுல பேஜாரு?"

என்னையும் கூட்டிப்போனாள் அம்மா. கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்கவில்லை. ஒரு தடவைகூட அவள் தலையைக் குனியவில்லை. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது ரயில் ஜன்னலில் கடல் தெரிந்த இடத்திலெல்லாம் அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

சனிக்கிழமை யாருடைய செல்போனிலிருந்தோ நைனா பேசினார். எஞ்சின் நின்று, நீரோட்டம் படகை ஆந்திராப் பக்கம் இழுத்துப் போயிருக்கிறது. அங்கே ஒரு படகுக்காரர் கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார். ஞாயிறு மதியம் உதடெல்லாம் வெடித்துப்போய் வந்து சேர்ந்தார். அத்தை அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை என்று சொன்னோமே, ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே நைனா, இன்டர்வியூவில் உங்கம்மா இன்னா பேசினா என்று கேட்டார். கதவுக்கு வெளியே இருந்தாலும் பாடம் நடத்தியவள் நானாயிற்றே. அவள் சொல்லிப் பழகியதையெல்லாம் ஒப்பித்து, ஒவ்வொன்றாகத் தமிழிலும் சொன்னேன். பத்து வருஷத்தில் என் பொண்ணு காலேஜ் படிப்பாள். ஃபீஸ் நான் கட்டுவேன். என் வீட்டை நான் நடத்தப்போகிறேன். நைனாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் அம்மாவுக்கு முன்னால் எழுந்து, அவள் டிபன் பாக்ஸைத் தானே தூக்கிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கத் திருவொற்றியூர் ஸ்டேஷன் வரை கூடவே நடந்து போனார்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நான் நடத்தியது இரண்டு பாடம். ஒன்றில் நைனா எல்லா விதத்திலும் வந்துகொண்டே இருந்தார். இன்னொன்றில் அவர் எந்த வாக்கியத்திலும் இல்லை. இரண்டையும் சொன்னது ஒரே வாய், ஒரே சாயங்காலத்தில். எனக்கு அது மாணவியின் கவனக்குறைவாகத்தான் பட்டது. 'ஐ' என்று அவள் சொன்னதற்கெல்லாம் மார்க்கைக் குறைத்துக்கொண்டு, பத்துக்கு ஏழு போட்டேன்.