கடல் நுரையால் தேய்த்த வயிறு

1967 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளினேன். காயாத துணிகளை அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போட்டேன். அந்தமானின் அபர்டீன் பஜாரில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போட் ஏறி, அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனேன். ஞாயிறுதோறும் அங்கேதான் சாப்பாடு.

தங்கைக்குத் தலைப்பிள்ளை பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தவள் வயிற்றில் படாமல் சேலையைக் கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். கேட்டதற்கு வேர்க்குரு என்றாள். வேர்க்குருவுக்கு யாரும் அப்படிக் கூனி நடப்பதில்லை. சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சேலையை விலக்கினேன். பிள்ளை பெற்ற வரிகள் இருந்த அடிவயிறு முழுக்கத் தோல் வழன்று நீர் கசிந்துகொண்டிருந்தது.

அம்மிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கடல் நுரை இருந்தது. கணவாய் மீனின் ஓடுதான் அது. இங்கே கரையில் சும்மா ஒதுங்கிக் கிடக்கும். எங்கள் ஊரில் அதை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, பாலில் மையாக இழைத்து முகத்தில் பூசுவார்கள். இவள் கொரகொரவென்று இடித்து, எலுமிச்சைச் சாறு விட்டு, வயிற்றில் தினமும் தேய்த்திருக்கிறாள்.

"யாருடி இப்படிச் செய்யச் சொன்னது?"

"நானாத்தான். முகத்துல இருக்கிற புள்ளி போகுதே, இதுவும் போகும்னு நினைச்சேன்."

"எதுக்குடி போகணும்?"

அப்போதுதான் அழுதாள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் கூட்டாளிகளிடம், "என் வீட்டுக்காரி வயித்துல அந்தமான் மேப்பே இருக்கு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். பேச்சு அவர்கள் வீடுகளுக்கும் போய்விட்டது.

"குழாயடியில ஒருத்தி கேக்குறாக்கா, கார் நிக்கோபார் தீவு எந்தப் பக்கம் இருக்குன்னு."

மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலியோடு இலைக்கு முன் உட்கார்ந்தார்.

"மேப்பு போட்டது நீங்கதானா, மாப்பிள்ளை?"

"அட, சும்மா மஜாக் மதினி! மெட்ராஸ்ல கரண்ட் வச்சே இதை எடுத்துடுறாங்களாம். அடுத்த லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் பிள்ளையைச் சுமந்த வயிற்றைப் பழுதான சாமான் போலப் பேசுகிறார். தீவுக்கு வந்தபோது ஒட்டடைக்குச்சியாக இருந்த மனிதர், மீனும் சோறுமாக உண்டு இரட்டை ஆளாகியிருந்தார். ஊறுகாய்க்குக் கை நீட்டினார். அக்குள் ஓரத்திலும், கைலிக்கு மேலே பிதுங்கிய தொந்தியிலும் அதே வெள்ளை வரிகள்.

"இது எந்தத் தீவு, மாப்பிள்ளை?"

குனிந்து பார்த்துக்கொண்டார். "இது... உடம்பு போட்டதுல வந்தது."

"அவளுக்கும் அப்படித்தான் வந்துச்சு. அவ உங்க பிள்ளையைச் சுமந்தா. நீங்க எதைச் சுமந்தீங்க?"

உள்ளே தங்கை சிரித்துவிட்டாள். சிரித்ததில் புண் இழுத்து, "அம்மா!" என்று அலறினாள். மாப்பிள்ளை எச்சில் கையோடு எழுந்து ஓடினார். வயிற்றைப் பார்த்தவர் முகம் வெளிறிப்போய்விட்டது.

"எனக்குத் தெரியாது மதினி."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டுத் தெரியாதா?"

நான் வெந்நீரை ஆறவைத்து, புண்ணைக் கழுவி, வெளுத்த வேட்டித் துணியைக் கிழித்து மேலே போர்த்தினேன். அவ்வளவு வலியிலும் தங்கை என் காதோடு கேட்டாள்: "காய்ஞ்சு புதுத் தோல் வந்தா வரி இருக்காதுல்ல அக்கா?"

அந்தக் கேள்விக்காக மாப்பிள்ளையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்று அங்கேயே தங்கிவிட்டேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, குழந்தையை அவர் தோளில் போட்டுவிட்டு, தங்கையை முதல் போட்டில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.