தீ சுடாத கால்

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து ஒன்பது வருடமாகிறது. முதல் ஏழு வருடமும் அதைக் கிளினிக் நாளுக்கு மட்டும் உரிய வருத்தமாகத்தான் வைத்திருந்தேன். இரத்தம் எடுக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னால் சோற்றைக் குறைப்பேன், மருந்துக் குளிசைகளைத் தவறாமல் போடுவேன். கிளினிக் கொப்பியில் நல்ல இலக்கம் விழும். திரும்பும் வழியில் ஆரையம்பதியில் இறங்கி, சீனி தூக்கலாக ஒரு தேத்தண்ணியும் இரண்டு பணிசும். டொக்டரை நன்றாக ஏமாற்றிப் பேய்க்காட்டிவிட்டேன் என்று சந்தோசம் வேறு.

இரண்டு வருடத்துக்கு முன், அம்மன் கோயில் சடங்கில் தீமிதிக்கக் காப்புக் கட்டினேன். இளந்தாரி வயதிலிருந்து மிதித்து வருபவன் நான். காப்புக் கட்டினால் கோயிலிலேயே தங்க வேண்டும், அங்கே தருவதைத்தான் சாப்பிட வேண்டும். பழமும் பாலும் சர்க்கரைப் புக்கையும் தாராளமாகக் கிடைத்தன. விரதக்காரனுக்குக் குளிசை என்னத்துக்கு என்று, மனைவி கொண்டுவந்து தந்த பையையும் திருப்பி அனுப்பினேன்.

அந்த முறை கால் சுடவேயில்லை. முன்பெல்லாம் சுள்ளென்று ஏறும், பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன். இப்போது ஈர மணலில் நடந்த மாதிரி இருந்தது. தாய் என்னைத் தாங்கிவிட்டாள் என்று அழுதேன். சனமும் அதையேதான் சொன்னது. இரண்டு நாள் அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மூன்றாம் நாள் காலை, பாயில் படுத்திருந்தேன். கூட்ட வந்த மனைவி விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“இஞ்சேருங்க, இது என்ன காலில?”

பெருவிரலுக்குக் கீழே தோல் பொத்து, உள்ளே சீழ் கட்டியிருந்தது. எனக்கு வலியென்று ஒன்றுமே இல்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்த பிள்ளைக்கு என் மகள் வயதிருக்கும். கண்ணை மூடச் சொன்னார்.

“நான் காலில தொடக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்க ஐயா.”

காத்திருந்தேன். பொறுமை போய், “இன்னும் தொடல்லயா?” என்று கேட்டேன்.

“பத்து இடத்தில தொட்டிட்டன் ஐயா.”

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் தூண்டில் தங்கூசி மாதிரி ஒரு நைலோன் நூல் இருந்தது. சீனி கூடிக் கூடிப் பாத நரம்புகள் மரத்துவிட்டன என்று விளக்கினார். “சீனி இறங்காட்டிப் புண் ஆறாது. விரலை எடுக்க வேண்டி வரும்.” நான் பேய்க்காட்டியது யாரை என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த நாளே சட்டத்தை மாற்றினாள். தவிட்டோடு சிவப்பரிசிச் சோறு, ஒரு கோப்பைதான். தட்டில் மிச்ச இடமெல்லாம் முருங்கையிலைச் சுண்டலும் வாவி மீன் ஆணமும். தயிர் உண்டு, அதன்மேல் ஊற்றும் இனிப்புப் பாணி கிடையாது. குளிசை தொண்டைக்குள் இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

“என்ன, கோழிக்குப் போடுறமாதிரிப் போடுறாய்?” என்று ஒருநாள் கத்தினேன்.

“கோழியெண்டா முட்டையாவது இடும்” என்றாள்.

ஒன்றுவிட்டு ஒருநாள் மருந்து கட்ட என்னோடு பஸ் ஏறினாள். வயலுக்கும் அவளே போய்ப் பார்த்து வந்தாள். நாலு மாதத்தில் புண் மூடியது. மூன்று மாதச் சீனியையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதை யாராலும் பேய்க்காட்ட முடியாது. அதிலும் சீனி இறங்கியிருந்தது. விரல் தப்பிவிட்டது என்றார் டொக்டர்.

அத்தனை நாளும் அழாதவள் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நேர்த்தி வைச்சிருந்தன்” என்றாள்.

“என்னண்டு?”

“விரலத் தந்தா, இவர் இனித் தீக்குழிப் பக்கம் வரமாட்டார், எதிர்பாக்காதயுங்க தாயே எண்டு.”

என்னைக் கேளாமல் என் பெயரில் வைத்த நேர்த்தி. வேறு நாளென்றால் பெரிய சண்டையே நடந்திருக்கும். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

இந்த வருடச் சடங்குக்குச் சாப்பிட்டு, குளிசையும் போட்டுவிட்டுத்தான் போனேன். கோயிலுக்குள் செருப்பு ஆகாதென்று, தடித்த துணி மேசு இரண்டை அவளே என் காலில் மாட்டிவிட்டாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். தீக்குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டேன், மேசுக்குள் பத்து விரலும் இருந்தன.